வானத்துக்குக் காது வைத்தவர்கள்

ஊட்டி மலையில் கற்ற வேலை. புனே அருகே 30 ராட்சதக் குடைகள்

(நமது புனே நிருபர்)

புனேயில் இருந்து நாசிக் போகும் எஸ்.டி. பஸ்சில் ஏறுங்கள். சாக்கன், ராஜ்குருநகர், மஞ்சர் ஆகிய ஊர்களைத் தாண்டினால் நாராயண்காவ் வரும். தக்காளிச் சந்தைக்குப் பெயர் போன ஊர். அங்கே இறங்கி, கிழக்கே சுமார் 10 கிலோ மீட்டர் போனால் கோடத் என்ற கிராமம்.

வழி எல்லாம் வெங்காய வயல், கரும்புத் தோட்டம், திராட்சைப் பந்தல். திடீர் என்று வயல்களுக்கு நடுவே ஒரு ராட்சதக் குடை, மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி நிற்கும். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் மற்றொன்று!

ஒவ்வொரு குடையும் 45 மீட்டர் அகலம். ஏறக்குறைய இரண்டு ரயில் பெட்டிகளின் நீளம். இப்படி 30 குடைகள் இருக்கின்றன. 14 குடைகள் ஏறக்குறைய ஒரு சதுர கிலோ மீட்டர் இடத்துக்குள் கூட்டமாக நிற்கின்றன. மீதி 16 குடைகள் மூன்று திசைகளில் வரிசையாகப் பிரிந்து போகின்றன. ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடையே சுமார் 25 கிலோ மீட்டர் தூரம்.

இதன் பெயர் "ஜி.எம்.ஆர்.டி." அதாவது, ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி. தொலைநோக்கி என்று பெயரே தவிர, இதில் கண் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. வானத்தில் இருந்து வரும் ரேடியோ அலைகளை இது கேட்கிறது. ஆகவே, இதைக் காது என்று சொல்வதே பொருத்தம்.

புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையம் இதை நடத்துகிறது. அந்த மையம் மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது.

இந்தக் காதின் கதை நம் ஊட்டி மலையில் தொடங்குகிறது. புனேயில் பல ஆண்டுகளாக வாழும் நம்மவர்களில் பலருக்கே இது தெரியாது. எனக்கும் தெரியாது. என் அக்கா மகன் கேட்ட ஒரு கேள்வியால் தான் தெரிந்துகொண்டேன்.

"திருப்புளி பிடிக்கவா படித்தேன்?"

அவன் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். புனே பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு ஆண்டாக ஒப்பந்த வேலை. எங்கள் ரயில்வே குவார்ட்டர்சில் எங்களோடு தான் தங்கி இருக்கிறான்.

ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், சாப்பிடாமல் உட்கார்ந்து இருந்தான். என்ன என்று கேட்டேன்.

"மாமா, வருகிற போர்டும் வெளிநாடு. அதில் இருக்கிற சாமானும் வெளிநாடு. நான் திருப்புளி பிடித்து மூடியை மாட்டுகிறேன். இதற்கா மூன்று வருஷம் படித்தேன்? எலக்ட்ரானிக்சில் ஒரே ஒரு பாகத்தையாவது நம் நாட்டில் யாராவது சொந்தமாக யோசித்துச் செய்து இருக்கிறார்களா? பேசாமல் ரயில்வே குரூப்-டி பரீட்சைக்கு மனு போடப் போகிறேன்."

ரயில்வே வேலை எனக்குச் சோறு போடுகிறது. அதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால், படித்த படிப்பை வெறுத்து ஒரு பையன் அதற்கு வருவது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் கேள்விக்குப் பதில் தெரியாததும் உறுத்தியது.

அலுவலகத்தில் ஒரு மராத்தி நண்பரிடம் சொன்னேன். அவர் ஜுன்னர் தாலுகாக்காரர். "பிப்ரவரி 28-ந் தேதி பையனைக் கோடத்துக்கு அழைத்துப் போங்கள். பதில் அங்கே நிற்கிறது" என்றார்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அதை ஒட்டி அங்கே பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். சுற்று வட்டாரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்காட்சி வைக்கிறார்கள். விஞ்ஞானிகளும் என்ஜினீயர்களும் நின்று விளக்கம் சொல்கிறார்கள். நாங்கள் இருவரும் போனோம்.

வாசலிலேயே முதல் உத்தரவு: "செல்போனை அணைத்து விடுங்கள்!" அதன் காரணம் பிறகு தான் புரிந்தது.

கயிற்றுக் கட்டில் தத்துவம்

தூரத்தில் இருந்து பார்த்தால் தகட்டால் செய்த பெரிய தட்டு போலத் தெரியும். கிட்டே போனால் ஆச்சரியம்! குடையின் ஊடே ஆகாயம் தெரிகிறது. அது வெறும் கம்பி வலை. அந்தக் கம்பியின் பருமன் அரை மில்லி மீட்டரை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு தான்.

இரும்புக் குழாயால் ஆன 16 வளைந்த சட்டங்கள். அவற்றுக்கு இடையே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி இருக்கிறார்கள். அந்தக் கம்பிகளின் மேல் வலையைப் பொருத்தி இருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சட்டம், குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு. மரப்பலகைக் கட்டிலை விட எடை குறைவு. ஆள் படுத்தாலும் தாங்கும். ஏறக்குறைய அதே வழி தான் இதுவும்.

ஓட்டை வழியாக அலை ஒழுகிப் போகாதா என்று கேட்கலாம். போகாது. இங்கே பிடிக்கும் அலைகளின் நீளம் சுமார் 20 சென்டி மீட்டரில் தொடங்கி இரண்டு மீட்டருக்கு மேலும் போகும். வலையின் கண் ஒன்று அல்லது இரண்டு சென்டி மீட்டர் தான். பெரிய மீன் சிறிய வலைக் கண்ணில் நுழையாதது போல, அலை நுழையாமல் திரும்பி விடுகிறது. ஆனால் காற்று நுழைந்து போகிறது. காற்று மோதாததால் தாங்கும் கட்டுமானம் கனமாக இருக்க வேண்டியது இல்லை. செலவும் பெரிய அளவில் குறைந்தது.

இந்த யோசனைக்கு உரியவர் விஞ்ஞானி கோவிந்த் சுவரூப். உத்தரப்பிரதேசத்தில் 1929-ல் பிறந்தவர். 2020 செப்டம்பர் 7-ந் தேதி தமது 91-வது வயதில் புனேயில் காலமானார். அவர் வாழ்க்கைக் கதையில் தான் நம் ஊட்டி வருகிறது.

வத்திராயிருப்புத் தமிழர் காட்டிய வழி

முதலில் ஒரு தமிழரைச் சொல்ல வேண்டும். அவர் கே.எஸ்.கிருஷ்ணன். இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர். சர் சி.வி.ராமனுடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்த மேதை. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர்.

1952-ல் கிருஷ்ணன் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் நடந்த ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போனார். ரேடியோ அலைகளைக் கொண்டு வானத்தை ஆராயும் புதிய துறையை அங்கே பார்த்தார். நம் நாட்டிலும் இதைத் தொடங்க வேண்டும் என்ற ஆவலோடு திரும்பினார். அவரிடம் வேலை பார்த்த இளைஞர் தான் சுவரூப்.

1953-ல் சுவரூப் பயிற்சிக்காகச் சிட்னி போனார். அவருடன் அங்கே வேலை செய்த இன்னொரு இந்தியர் ஆர்.பார்த்தசாரதி.

சிட்னியில் 6 அடி அகலம் உள்ள 32 சிறிய குடைகள் இருந்தன. அவற்றின் வேலை முடிந்து விட்டதால் கழித்துவிட இருந்தார்கள். "எங்களுக்குக் கொடுங்கள்" என்று சுவரூப் கேட்டார். கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆனால் கப்பல் கூலியை யார் கட்டுவது என்ற பேச்சில் ஆண்டுகள் ஓடின! அரசு அலுவலகத்தில் பைல் பார்த்த எவருக்கும் இது புதிதாக இராது.

இதற்கு இடையில் சுவரூப் அமெரிக்கா போய் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவர் யாங் என்பவருடன் சேர்ந்து ஒரு வழியைக் கண்டுபிடித்தார். இது சின்னச் சாமான், பெரிய உபயோகம் என்ற வகையைச் சேர்ந்தது.

பல குடைகளில் இருந்து கேபிள் வழியாக வரும் அலைகள் ஒன்றுக்கு ஒன்று இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். கேபிள் ஒன்று வெயிலில் சற்று நீண்டாலும் கணக்குத் தப்பிவிடும். அதைச் சரிபார்ப்பது பெரும்பாடான வேலை. சுவரூப் செய்தது இது தான்: கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஒரு சோதனை அலையை அனுப்புவது. குடையின் முனையில் உள்ள ஒரு சிறு ஸ்விட்ச் பாகம் அதைத் திருப்பி அனுப்பும். போய் வந்த அலையை அளந்தால், கேபிளின் நிலை இருந்த இடத்திலேயே தெரிந்துவிடும். 1961-ல் வெளியான இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

டாக்டர் ஹோமி பாபா அழைத்ததன் பேரில் 1963-ல் சுவரூப் மும்பை டாட்டா நிலையத்தில் சேர்ந்தார். சிட்னியில் இருந்து கடைசியில் வந்து சேர்ந்த அந்த 32 குடைகளையும் 1965-ல் நிறுத்தினார்கள். எங்கே தெரியுமா? நம் ரயில்கள் எல்லாம் நின்று போகும் கல்யாணில்! இந்தியாவின் ரேடியோ வான் ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கம்.

மலையே சாதனம் ஆனது

அடுத்தது ஊட்டி.

சுவரூப் குழுவினருக்கு ஒரு சரிவான மலை தேவைப்பட்டது. சாதாரணச் சரிவு அல்ல. அந்த இடம் பூமத்திய ரேகையில் இருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ, அத்தனை டிகிரி சரிவு வேண்டும். ஊட்டி சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. ஊட்டி அருகே முத்தோரையில் 11 டிகிரி சரிவுள்ள மலை கிடைத்தது.

ஏன் இந்தக் கணக்கு? அந்தச் சரிவில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட சாதனத்தைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். பூமி ஒரு பக்கம் சுழலச் சுழல, சாதனத்தை மறுபக்கம் மெதுவாகத் திருப்பினால் போதும். வானத்தில் ஒரு பொருளை நாள் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். பெரிய நாடுகள் விலை உயர்ந்த எந்திரங்களால் செய்த வேலையில் பாதியை நம் மலை இலவசமாகச் செய்து கொடுத்தது!

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் 1,100 எஃகுக் கம்பிகள். 1970-ல் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. அன்னியச் செலாவணிக்குத் தவம் கிடந்த காலம் அது. உள்நாட்டில் வடிவமைத்து, உள்நாட்டில் செய்தார்கள்.

அதன் நடுக்கோட்டில் வரிசையாக 1,056 "டைபோல்"கள் இருக்கின்றன. பழைய மொட்டைமாடி டி.வி. ஏரியலின் குச்சி ஞாபகம் இருக்கிறதா? அதே இனம் தான். அலை வந்து முதலில் தொடும் இடம் அது.

முதல் ஆம்ப்ளிபையரின் மகிமை

இங்கே தான் என் அக்கா மகனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

வானத்தில் இருந்து வரும் ரேடியோ அலை மிக மிகப் பலவீனமானது. எவ்வளவு பலவீனம்? நிலாவில் ஒரு செல்போனை வைத்துப் பேசினால், இந்தத் தொலைநோக்கிக்கு அது வானத்திலேயே மிகப் பிரகாசமான பொருட்களில் ஒன்றாகத் தெரியும்! அத்தனை மெல்லிய ஓசையைத் தான் இவர்கள் கேட்கிறார்கள்.

மெல்லிய ஓசையைப் பெரிதாக்க ஆம்ப்ளிபையர் வேண்டும். ஆனால் எந்த ஆம்ப்ளிபையருக்கும் சொந்த இரைச்சல் உண்டு. வந்த ஓசையோடு தன் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் அறையில் பழைய மின்விசிறி "கடகட" என்று ஓடுகிறது. மைக் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. பிளாட்பாரத்தில் எத்தனை பெரிய ஒலிபெருக்கி வைத்தாலும் என்ன பலன்? கடகடப்பும் சேர்ந்து பெரிதாகக் கேட்கும். மைக் இருக்கும் இடத்திலேயே இரைச்சலைக் குறைத்தால் தான் உண்டு.

அதைப்போல, வரிசையில் முதலில் நிற்கும் ஆம்ப்ளிபையர் தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது சுத்தமாக இருந்தால் பின்னால் வருவன சற்று முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். அது கெட்டால், பின்னால் கோடி ரூபாய் கம்ப்யூட்டர் வைத்தும் பயன் இல்லை.

ஊட்டியில் முதலில் பல டைபோல்கள் பிடித்த அலைகளைக் கேபிள்கள் வழியாக ஒன்று சேர்த்த பிறகு தான் பெரிதாக்கினார்கள். கேபிளில் வரும்போதே அலையின் ஒரு பகுதி வீணாகிவிடும். ஆகவே 1990-களின் தொடக்கத்தில் ஒரு துணிச்சலான வேலையைச் செய்தார்கள். 1,056 டைபோல்களுக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் தனித் தனியே ஒரு குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிபையர். மொத்தம் 1,056 ஆம்ப்ளிபையர்கள்! ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு பாகங்கள் அனைத்தும் ஒன்று போல் வேலை செய்ய வேண்டும். மழையிலும் பனியிலும் மலை மேல் கிடந்து உழைக்க வேண்டும்.

செய்து முடித்தார்கள். தொலைநோக்கியின் கேட்கும் திறன் பல மடங்கு உயர்ந்தது. இந்த வேலையைப் பற்றி 1993-ல் ஒரு தொழில்நுட்ப ஏட்டில் கட்டுரை வெளியானது. அதை எழுதியவர்களின் பெயர்கள்: செல்வநாயகம், பிரவீன்குமார், நந்தகோபால், வேலுசாமி. படிக்கும்போதே நம்மவர்கள் என்று நெஞ்சு நிமிர்கிறது அல்லவா?

ஊட்டியில் இருந்து புனேக்கு

ஊட்டியில் கற்ற பாடத்தோடு, 1980-களில் சுவரூப் இன்னும் பெரிய காதுக்குத் திட்டம் போட்டார். 1987-ல் ஜி.எம்.ஆர்.டி. திட்டம் தொடங்கியது. நகரங்களின் ரேடியோ இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும், அதே சமயம் ஒரு பெரிய நகரம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மலைகள் மறைப்பாக நிற்கும் கோடத் அதற்கு ஏற்றதாக அமைந்தது.

2001 அக்டோபர் 4-ந் தேதி தொழில் அதிபர் ரத்தன் டாட்டா இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

குடையின் உச்சியில், அலை வந்து குவியும் இடத்தில் நான்கு முகம் கொண்ட ஒரு சுழலும் அமைப்பு இருக்கிறது. முகத்துக்கு ஒரு வகை ஏரியல். எந்த அலைவரிசை வேண்டுமோ, அந்த முகம் கீழ்நோக்கித் திரும்பும். ஏரியலின் பின்னாலேயே குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிபையர் இருக்கிறது. ஊட்டிப் பாடம் தான்!

கண்காட்சியில் அப்படி ஒரு ஆம்ப்ளிபையரைத் திறந்து வைத்து இருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பெட்டி. உள்ளே ஒரு சின்ன சர்க்கியூட் போர்டு. என் அக்கா மகன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அங்கே இருந்த ஊழியரிடம் கேட்டான்:

"சார், இதில் இருக்கிற டிரான்சிஸ்டர் நம் நாட்டில் செய்ததா?"

அவர் மழுப்பவில்லை. "இல்லை தம்பி. டிரான்சிஸ்டர் வெளிநாட்டில் வாங்குவது தான். ஆனால் எந்த டிரான்சிஸ்டர், எவ்வளவு மின்சாரம், பக்கத்தில் எத்தனை சுற்றுக் கம்பிச் சுருள், எவ்வளவு இடைவெளி, பெட்டிக்குள் எந்த மூலையில் எது என்று யோசித்தது நாங்கள். ஒரே அரிசி தான். ஒருவர் கஞ்சி வைக்கிறார், ஒருவர் பிரியாணி செய்கிறார்" என்றார்.

பையன் சிரித்தான். எனக்கும் விஷயம் விளங்கியது.

வெளிநாடுகளில் பல தொலைநோக்கிகளில் இந்த முதல் ஆம்ப்ளிபையரைக் கடுங்குளிரில் வைப்பார்கள். குளிர்ந்தால் இரைச்சல் குறையும். அதற்குத் தனி எந்திரம் வேண்டும், செலவு அதிகம். இங்கே பிடிக்கும் நீண்ட அலைகளில் வானத்தின் சொந்த இரைச்சலே அதிகம். ஆகவே அவ்வளவு குளிர்விப்பதால் பெரிய லாபம் இல்லை. சாதாரணச் சூட்டிலேயே நன்றாக வேலை செய்யும்படி பாகத்தை வடிவமைத்துச் செலவை மிச்சப்படுத்தினார்கள். எங்கே செலவு செய்ய வேண்டாம் என்று தெரிவதும் ஒரு கண்டுபிடிப்பு தானே!

30 குடைகளில் இருந்தும் அலைகள் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக நடுக்கட்டிடத்துக்கு வருகின்றன. அங்கே ஒவ்வொரு குடையின் அலையையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மொத்தம் 435 ஜோடிகள். அதற்குப் பிறகு 30 குடைகளும் சேர்ந்து, 25 கிலோ மீட்டர் அகலமான ஒரே குடை போல நுட்பமாகப் பார்க்கின்றன. அந்தக் கம்ப்யூட்டர் அறையையே உலோகக் கூண்டு போல் மூடி இருக்கிறார்கள். தன் கம்ப்யூட்டரின் இரைச்சலே தன் காதில் விழுந்துவிடக் கூடாது அல்லவா!

சொந்தமாகச் செய்ததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. 2010-களில் ஏரியல், ஆம்ப்ளிபையர், கணக்கிடும் எந்திரம் எல்லாவற்றையும் புதுப்பித்தார்கள். முன்பு ஒரே நேரத்தில் 32 மெகா ஹெர்ட்ஸ் அகலம் கேட்ட காது, இப்போது 400 மெகா ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. குடை அதே குடை. உள்ளே இருக்கும் பாகங்கள் புதியவை. விலைக்கு வாங்கி வைத்த மெஷின் என்றால், விற்றவன் வரும் வரை காத்து இருக்க வேண்டும். செய்தவனுக்குத் தான் திறந்து மாற்றும் தைரியம் வரும்.

செவ்வாயில் கேட்ட குரல்

இந்தக் காது கேட்டது என்ன?

2016 அக்டோபர் 19-ந் தேதி. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் "ஸ்கியாபரெல்லி" என்ற கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிக்கொண்டு இருந்தது. அதன் மெல்லிய ரேடியோ ஒலி பூமிக்கு அனுப்பப்பட்டதே அல்ல. தாய்க்கலத்துக்கு அனுப்பப்பட்டது. ஆனால் பல கோடி கிலோ மீட்டருக்கு அப்பால், கோடத் வயல்களில் நின்ற நம் குடைகள் அதைக் கேட்டன! தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு ஒலி நின்றது. கலம் மோதி நொறுங்கியது பிறகு உறுதி ஆனது. கடைசி நிமிடங்களை உடனுக்குடன் கேட்டுச் சொன்ன காது நம்முடையது.

2023 ஜூனில் உலகின் பல விஞ்ஞானிக் குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. பிரபஞ்சம் எங்கும் மிக மெதுவான ஈர்ப்பு அலைகள் பரவி இருப்பதற்குச் சான்று கிடைத்து இருக்கிறது என்பதே அது. அதில் நம் நாட்டுக் குழுவுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பயன்படுத்தியது இந்த ஜி.எம்.ஆர்.டி.யை.

2020-ல் ஐ.இ.இ.இ. என்ற உலக என்ஜினீயர்கள் சங்கம் இதை "மைல்கல்" என்று அறிவித்துப் பெருமைப்படுத்தியது. அதற்கு முன் இந்தியாவில் அந்தப் பெருமை ஜகதீஷ் சந்திர போஸ், சி.வி.ராமன் ஆகியோரின் கண்டுபிடிப்புகளுக்குக் கிடைத்து இருக்கிறது.

ரயிலா, தொலைநோக்கியா?

இனி, ரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்குச் சங்கடமான விஷயம் ஒன்று.

புனேயில் இருந்து நாசிக்குக்கு நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில் போக வேண்டுமானால் கல்யாண் அல்லது மன்மாட் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஆகவே சுமார் 235 கிலோ மீட்டருக்கு ஒரு புதிய, வேகமான பாதை போடத் திட்டம் வகுத்தார்கள். அது நாராயண்காவ் பகுதி வழியாகப் போவதாக இருந்தது.

மின்சார என்ஜின் ஓடும்போது, அதன் தலையில் உள்ள "பாண்டோகிராப்" மேல் கம்பியில் உரசிப் பொறி பறப்பதை நாம் பார்த்து இருக்கிறோம். அந்தப் பொறி ஒவ்வொன்றும் ஒரு ரேடியோ இரைச்சல். நமக்கு வெறும் வெளிச்சம். கோடத்தில் உள்ள காதுக்கு அது பக்கத்தில் வெடித்த வெடி!

தொலைநோக்கிக்கு இடையூறு ஏற்படும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். இந்தக் காரணத்தால் பழைய பாதை கைவிடப்படும், வேறு வழியில் பாதை அமையும் என்று 2025-ல் ரயில்வே அமைச்சர் தெரிவித்தார். நாராயண்காவ், ஜுன்னர், சங்கம்னேர் பகுதி மக்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள்.

அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தக்காளியும் திராட்சையும் விளைவிக்கும் விவசாயி, சரக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு நாசிக் சாலை நெரிசலில் நிற்கிறார். ரயில் வரும் என்று நம்பி இருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் புனேயில் வேலை வேண்டும்.

மறுபக்கம், முப்பது ஆண்டுக்கு மேல் பாடுபட்டு உண்டாக்கிய காது. ஒரு ரயில் பாதையை வேறு பக்கம் திருப்பலாம். 30 குடைகளைத் திருப்பி வைக்க முடியாது.

முடிவு எடுப்பது மேலிடத்தின் வேலை. பிளாட்பாரத்தில் நிற்பவன் நான். எனக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு நாடு தன் விஞ்ஞானச் சாதனத்துக்காக ரயிலையே வழிவிடச் சொல்வது சிறிய காரியம் அல்ல. ஆனால் அந்த விலையைக் கொடுப்பவர் விஞ்ஞானியும் இல்லை, அமைச்சரும் இல்லை. பக்கத்து வயல்காரர். அவருக்கு நல்ல சாலையோ வேறு போக்குவரத்து வசதியோ செய்து கொடுப்பது, குடைக்குப் பெயின்ட் அடிப்பது போல, அந்தச் சாதனத்தைக் காப்பாற்றும் செலவில் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு

தேகுரோடு, கட்கி, ராஸ்தா பேட்டை, பிம்ப்ரி பகுதிகளில் வாழும் நம்மவர் வீடுகளில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பிள்ளைகள் நிறைய. கம்ப்யூட்டர் படித்தால் தான் வாழ்வு என்ற எண்ணம் நம்மிடம் ஊறி இருக்கிறது. கையில் சால்டரிங் பிடித்து வேலை செய்யும் பிள்ளையைச் சற்றுக் குறைத்தே எடை போடுகிறோம்.

ஊட்டியிலும் கோடத்திலும் டாக்டர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் மட்டும் இருந்து இருந்தால் அந்த 1,056 பெட்டிகளும் உருவாகி இருக்காது. கம்பி இழுத்துக் கட்டியவர், பற்றவைத்தவர், பெட்டி பெட்டியாகச் சோதித்துப் பார்த்தவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையம் தொழில்நுட்ப ஊழியர்களையும் பயிற்சியாளர்களையும் அவ்வப்போது விளம்பரம் செய்து எடுக்கிறது. பிள்ளைகள் கவனித்து மனுப் போடலாம்.

அடுத்த பிப்ரவரியில் குடும்பத்தோடு கோடத் போய் வாருங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் கடுமை. செல்போனை அணைக்க மறக்க வேண்டாம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஊட்டி போக நேர்ந்தால், முத்தோரை மலைச் சரிவையும் பார்த்து வாருங்கள். பொட்டானிக்கல் தோட்டமும் படகுச் சவாரியும் மட்டும் ஊட்டி அல்ல.

திரும்பி வரும்போது பஸ்சில் என் அக்கா மகன் பேசவே இல்லை. மஞ்சர் தாண்டிய பிறகு, "அந்தப் பெட்டியில் கம்பிச் சுருள் எத்தனை சுற்று இருந்தது என்று பார்த்தீர்களா மாமா?" என்று கேட்டான். நான் பார்க்கவில்லை. அவன் எண்ணி வைத்து இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ரேடியோ ஒன்றை வாங்கி வந்து, கூடத்தில் பிரித்துப் போட்டு உட்கார்ந்து இருந்தான். வீடு முழுவதும் ஈய வாசனை. என் மனைவி முணுமுணுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

குரூப்-டி மனு மேஜை மேல் இன்னும் பூர்த்தி செய்யாமல் கிடக்கிறது. "அதையும் போட்டு வை, இதையும் விடாதே" என்று சொல்லி இருக்கிறேன்.